ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பம்ப்

உங்கள் ஜீப்பில் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறது சார். என்னை இனயத்திலிருந்து இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் நான்கு இடத்தில் கத்தியது. ஏட்டையாவிடம் சொன்னேன். "ஓய், உம்ம சோலியப் பாரும்" என்றார். என் சோலியே அதுதான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லைபோல. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் அமுங்கக் கூடாது. அமுங்கினால் மாற்றிவிடுங்கள்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். மனம் வெந்துபோய் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் எஃப்.ஐ.ஆரில் ஒரு சொல் தப்பாக இருக்கிறது, அதைத் திருத்துவதற்காகத்தான் எழுதுகிறேன். 'திருடிச் சென்று' என்று போட்டிருக்கிறீர்கள். என் மனைவியின் தம்பி ஆன்ஸ்லின் கடலில் இறந்தது உண்மை. அவனுடைய போட்டில் இருக்க வேண்டிய பம்ப் என் காரில் இருப்பதும் உண்மை. அதற்காக என்னைத் திருடன் என்று எழுதிவிட முடியாது. அந்தப் பம்பை அந்தப் போட்டில் மாட்டியதே நான்தான். கழற்றியதும் நான்தான். திங்கட்கிழமை விடிவதற்குள் திரும்ப மாட்டியிருக்கப் போகிறவனும் நான்தான். இதில் திருட்டு எங்கே வருகிறது.

என் பெயர் ஆன்றோ. வயது நாற்பத்திரண்டு. இனயத்தில் போட் என்ஜின் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினோரு வருஷம் ஷார்ஜாவில் கார் கேரேஜில் வேலை. பெரிய வீட்டுப் பையன்கள் கொண்டுவந்து நிறுத்தும் வண்டிகளைத் தொட்டுப் பழகிய கை இது. ஊருக்கு வந்தபிறகு டீசல் என்ஜினில் மீன்செதிலை வழித்துக்கொண்டிருக்கிறது. எனக்கென்று ஒரு நல்ல வண்டி வேண்டுமென்று ஆசைப்பட்டேன். இதை ஒரு குற்றமாக யாரும் இதுவரை சொல்லவில்லை, அபினாவைத் தவிர.

அபினா என் மனைவி. திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரின் ஷெட்டில் கிடந்த வண்டியை நான் வாங்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தியபோது, சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான். "இதுல பிள்ளைகள எங்க வைக்கது?" சிவப்பு நிறம், இரண்டே கதவு, இரண்டே சீட், டர்போ என்ஜின், தரையைத் தொட்டுக்கொண்டு போகிற உயரம். முப்பது வருஷப் பழசு என்றாலும் இந்த ஜில்லாவில் அதற்கு ஜோடி கிடையாது. அதைப் பார்த்து ஒரு பெண்ணுக்குத் தோன்றிய கேள்வி இது.

டர்போ என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வழக்குக்கு இவ்வளவு போதும். வெளிக்காற்றை நெருக்கி என்ஜினுக்குள் தள்ளுகிற சாதனம் அது. நெருக்கினால் காற்று சூடாகும். சூடான காற்று உள்ளே போனால் என்ஜின் சோர்ந்துவிடும், கூடிப்போனால் உடைந்துவிடும். அதனால் வழியில் அந்தக் காற்றைத் தண்ணீரால் குளிரவைத்து அனுப்புவார்கள். தண்ணீர் சுற்றிவர ஒரு சின்ன பம்ப் உண்டு. என் வண்டியில் கம்பெனிக்காரன் அந்தப் பம்பை என்ஜினோடு பெல்ட் போட்டுக் கட்டியிருந்தான். என்ஜின் ஓடினால் பம்ப் ஓடும், என்ஜின் இழுத்தால் பம்பும் இழுக்கும். வண்டி ஓடுகிற நாட்டில் அது சரி. மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கடியில் அரைமணி நேரம் நிற்கிற நாட்டில் அது சரிவராது. இதற்கு மருந்து, அந்தப் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு பேட்டரியில் தானாக ஓடுகிற எலெக்ட்ரிக் பம்பை மாட்டுவது. இந்த வண்டி வைத்திருப்பவர்கள் எல்லா நாட்டிலும் செய்கிற காரியம். நானாகக் கண்டுபிடித்தது இல்லை.

ஜூன் மாதம் பழைய பம்ப் என்னைக் கைவிட்டது. கோட்டாறில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நௌஷாத்தும் இன்னும் ஏழெட்டுப் பேரும் மாதத்தில் ஒரு ஞாயிறு தங்கள் வண்டிகளோடு வட்டக்கோட்டையில் கூடுவார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கோட்டை மதில் பக்கத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானட்டைத் திறந்துவைத்து, சுற்றுலா வந்தவர்கள் போட்டோ எடுக்கும்போது எடுக்காததுபோல நிற்பது வழக்கம். அன்று நான் திரும்பக் கிளம்பினேன், பம்ப் இறுகிப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டது, வண்டி கிளம்பவில்லை. ஆன்ஸ்லினுக்கு போன் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அவன் இரண்டு மணி நேரத்தில் வந்து நின்றான். துறைமுகத்தில் யாரோ நிறுத்தியிருந்த மீன் டெம்போவை, ஐஸ் பெட்டிகளைக்கூட இறக்காமல், அப்படியே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"சாரமில்ல அத்தான், கயிறு கெட்டி இழுத்துட்டுப் போவோம்" என்றான். சாரமில்லை என்றால் எங்கள் ஊரில் பரவாயில்லை என்று அர்த்தம். அவனுக்கு எதுவுமே சாரமில்லை. மீன் தண்ணீர் என் சிவப்பு பானட்டில் சொட்டிக்கொண்டே வந்தது. கொட்டாரம், நாகர்கோவில், கோட்டாறு கடைத்தெரு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அன்று சாயங்காலம் நௌஷாத் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ போட்டான். கீழே, 'மீன் வண்டி ஃபுல் டர்போவுல போகுது' என்று எழுதியிருந்தான். முப்பத்தொரு பேர் சிரித்திருந்தார்கள். குரூப்பில் இருப்பதே முப்பத்துநான்கு பேர். மீதி மூன்று பேரில் ஒருவன் நான்.

இனயத்துக்காரனைப் பார்த்து மீன் என்று சொன்னால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் கேட்டால் ஒன்றுமில்லை. பதினோரு வருஷம் அத்தர் மணக்கும் வண்டிகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவனுக்கு அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கும் என்பது எனக்குத்தான் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து சரியான பம்ப் ஒன்றை வரவழைக்க ஏற்பாடு செய்தேன். வருகிறது வருகிறது என்று நான்கு மாதம் கழிந்தது. நவம்பரில் வட்டக்கோட்டைக் கூட்டத்துக்குத் தேதி வந்தது. புதன்கிழமை நான் குரூப்பில் எழுதினேன், 'இந்த ஞாயிறு எலெக்ட்ரிக் பம்ப்போடு வருகிறேன். ஜெர்மன் சரக்கு.' பம்ப் அப்போது கொச்சியில் கஸ்டம்ஸில் கிடந்தது. சனிக்கிழமை மத்தியானம் வரை கிடந்தது. எழுதியதைத் திரும்ப எடுக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வந்திருக்காது.

ஆன்ஸ்லினின் போட் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் நிற்கும். போட்டின் அடிவயிற்றில் சேருகிற தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு ஒரு பம்ப் இருக்கும், பில்ஜ் பம்ப் என்போம். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. பன்னிரண்டு வோல்ட். என் வண்டிக்கு என்ன வேகத்தில் தண்ணீர் சுற்ற வேண்டுமோ அதே வேகம். போன வருஷம் அதை மாட்டும்போதே மனதில் குறித்துவைத்திருந்தேன். தப்பான எண்ணத்தில் இல்லை. நல்ல பொருளைப் பார்த்தால் மெக்கானிக் குறித்துவைப்பான்.

இப்போது நீங்கள் எங்கள் கரையின் வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. மீன் துறைமுகத்துக்குள்ளேயே வந்து துள்ளினாலும் போகமாட்டார்கள். போனவனைக் கோவில் நிர்வாகமான பங்குப்பேரவை கூப்பிட்டு உட்காரவைத்து விசாரிக்கும். சனிக்கிழமை மத்தியானம் கட்டிய போட்டைத் திங்கட்கிழமை விடியற்காலையில்தான் அவிழ்ப்பார்கள். நடுவில் ஏறக்குறைய நாற்பது மணி நேரம். ஒரு நல்ல பம்ப் நாற்பது மணி நேரம் சும்மா கிடக்கப்போகிறது. அதை நான் வேலைக்கு எடுத்துக்கொண்டேன். இவ்வளவுதான் நீங்கள் திருட்டு என்று எழுதியிருப்பது.

ஆன்ஸ்லினிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். கேட்காததற்குக் காரணமும் அதுதான். கொடுத்துவிட்டு டீக்கடையில் போய் நின்று, "அத்தானுக்க காருல எங்க போட்டுக்க பம்பாக்கும் ஓடுது" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வான். எதையும் மறைக்கத் தெரியாத பையன். இருபத்தொன்பது வயதில் ஒரு ஆண் அப்படி இருக்கக் கூடாது என்று அபினாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குத் துறைமுகத்தில் ஆள் இல்லை. பாதிப் பேர் கோவிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றார்கள், மீதிப் பேர் தூங்கினார்கள். பலகையைத் தூக்கி, பம்பைக் கழற்றி, வயர் முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி வைத்தேன். பச்சை டேப். அந்த வேலையைப் பார்த்துதான் என்னைக் கண்டுபிடித்ததாகச் சொன்னீர்கள். அரைகுறையாகச் செய்திருந்தால் மாட்டிக்கொண்டிருக்க மாட்டேன் என்பது எனக்கும் தெரியும். முனையைத் திறந்து விட்டுவிட்டுப் போக எனக்குக் கை வராது. ஷார்ட் ஆகி யாருக்காவது ஆபத்து வந்தால் என்ன செய்வது.

அந்தப் போட்டில் ஒரு சின்னக் குறை இருந்தது. என்ஜினிலிருந்து புரொப்பல்லருக்குப் போகிற தண்டு போட்டின் அடிவழியாக வெளியே போகும் இடத்தில் தண்ணீர் வராமல் அடைக்கிற பேக்கிங் தேய்ந்திருந்தது. நின்றால் ஒன்றும் தெரியாது. ஓட ஓடத் தண்ணீர் உள்ளே வரும். பம்ப் அதைத் தள்ளிவிடும். மாற்றித் தரச்சொல்லி ஆன்ஸ்லின் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை பம்பை மாட்டும்போது அதையும் மாற்றிவிடுவதாக நான் எனக்குள் முடிவு செய்திருந்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்ததைவிட அதிகமாகத் திருப்பித் தருவதாகத்தான் இருந்தேன்.

பம்பை ஷாம்பு போட்டு மூன்று தடவை கழுவினேன். கொச்சிக் கடையின் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தேன். கறுப்பு உறை போட்டு மாட்டியபோது ஜெர்மனியில் பிறந்ததுபோல இருந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வண்டியை எடுத்தேன். அபினா பூசைக்குக் கிளம்பிப் பிள்ளைகளோடு வாசலில் நின்றாள்.

"பூசைக்கு வராம எங்க போறிய?"

"ஒரு அவசர வேல."

"ஞாயித்துக்கெழம காருக்கு என்ன அவசரம்?"

பூசைக்குப் போகாதது பாவம். ஒத்துக்கொள்கிறேன். அதற்கு உங்களிடம் செக்‌ஷன் இல்லை. ஆனால் போயிருந்தால் பங்குத்தந்தை மைக்கில் சொன்னதை நானும் கேட்டிருப்பேன். பக்கத்து ஊர் வள்ளம் ஒன்று சனிக்கிழமை அதிகாலை போனது திரும்பவில்லை, இரண்டு பேர், இருக்கிற போட்டெல்லாம் தேடப் போக வேண்டும் என்று சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமையாயிற்றே என்று ஒருவரும் கேட்கவில்லை. நற்கருணை வாங்கிய வாயோடு ஓடிப்போய் போட்டை அவிழ்த்திருக்கிறார்கள். வழக்கமாக ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி பம்ப் தள்ளுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அன்று அவசரத்தில் பார்க்கவில்லை. பார்ப்பது போட்காரனின் வேலை, மெக்கானிக்கின் வேலை இல்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த வள்ளக்காரர்கள் இரண்டு பேரும் என்ஜின் நின்றுபோய் ஒதுங்கி, முட்டத்தில் கரையேறி, காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஆப்பம் தின்றுகொண்டிருந்தார்கள். காணாமல் போகாதவர்களைத் தேடித்தான் ஆன்ஸ்லின் போனான்.

எனக்கு இதெல்லாம் தெரியாது என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அப்போது நீங்கள் என் போனை எடுத்து, ஆன்ஸ்லினின் மெசேஜை நான் கேட்டுவிட்டதற்கான நீலக் குறியைக் காட்டினீர்கள். சரி. கொட்டாரத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். மணி எட்டு ஐம்பது. அதுவரை வந்த ஓட்டத்தில் என்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு, பழைய பம்ப்போடு இருந்ததைவிடப் பதினெட்டு டிகிரி குறைந்திருந்தது. பதினெட்டு. இரண்டு பக்கமும் வயல், காற்றும் நன்றாக இருந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அந்த நேரத்தில்தான் ஆன்ஸ்லினின் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன்.

"அத்தான், ரெண்டு தடவ கூப்பிட்டேன், எடுக்கல்ல. ஒரு வள்ளத்தக் காணோம்னு ஃபாதர் சொன்னாரு. நானும் ஞானசிங்கும் போட்ட எடுத்துட்டுப் போறோம். அந்தப் பேக்கிங் இன்னும் மாத்தல்லியே, பம்ப வச்சு சமாளிக்கலாம்லா? கேட்டுட்டு ஒண்ணு கூப்பிடுங்க."

ஞானசிங் அவனோடு கடலுக்குப் போகிறவன். அவன் பிழைத்துக்கொண்டான், உங்களுக்கு வாக்குமூலமும் கொடுத்திருக்கிறான்.

நான் கூப்பிடவில்லை. காரணம் சொல்கிறேன். சமாளிக்கலாம்லா என்பது கேட்பதற்குக் கேள்வி மாதிரி இருந்தாலும் கேள்வி இல்லை. புறப்பட்டுப் போகிறவன் சொல்வது. நான் கூப்பிட்டு பம்ப் என் கையில் இருக்கிறது என்றால் அவன் போட்டைத் திருப்ப வேண்டும். தேடப் போனவன் பாதி வழியில் திரும்பினால் ஊர் என்ன சொல்லும். அவனுக்குத்தான் கேவலம். அவன் மானத்தை நினைத்து டீக்குக் காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

வட்டக்கோட்டையில் ஒன்பது வண்டிகள் நின்றன. பானட்டைத் திறந்தேன். நௌஷாத் குனிந்து பார்த்தான், கையால் தொட்டுப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான். "கொள்ளாம் மக்கா. சத்தமே இல்லியே. ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்" என்றான். எல்லோரும் வந்து குனிந்தார்கள். ஒருவன் மோந்துகூடப் பார்த்தான், ஷாம்பு வாசனைதான் வந்திருக்கும். அப்போது பத்து நாற்பதுக்கு ஆன்ஸ்லின் போன் செய்தான். என்ன பேசினோம் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், அதற்கு ஒழுங்காக இடம் விட வேண்டும்.

போன் முடிந்தபிறகு நௌஷாத் கேட்டான், "என்ன மக்கா, மொகம் ஒரு மாதிரி இருக்கு. வீட்டுல எதும் பிரச்சனையா? வேணும்னா நான் கொண்டு விடட்டா?" நல்ல மனுஷன். ஒன்றுமில்லை என்றேன். அதன்பின் கோட்டையிலிருந்து மெயின் ரோடு வரை இரண்டு சுற்று ஓட்டிக் காட்டினேன். இரண்டு சுற்றிலும் சூடு ஏறவில்லை.

திரும்பி வரும்போது கோட்டாறில் அபினாவின் போன் வந்தது. என்ஜினில் தண்ணீர் ஏறி நின்றுபோய், போட் குறுக்கே கிடந்து, அலை அடித்துக் கவிழ்ந்திருக்கிறது. ஞானசிங் மேல்தட்டில் நின்றதால் தூக்கி வெளியே எறியப்பட்டு, எண்ணெய் கேனைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். ஆன்ஸ்லின் என்ஜின் குழிக்குள் குனிந்திருந்ததால் வெளியே வர முடியவில்லை. போட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தபிறகுதான் அவனை எடுத்தார்கள். கோட்டாறிலிருந்து தேங்காய்ப்பட்டணத்துக்கு ஐம்பது நிமிடத்தில் போய்விட்டேன். இந்த ஜில்லாவில் வேறு எந்த வண்டியும் அந்த நெரிசலில் அப்படிப் போயிருக்காது.

திங்கட்கிழமை அடக்கத்துக்கு நான்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தேன். சவப்பெட்டியைத் தூக்கினேன். அழுதேன், அது நடிப்பு இல்லை. கஸ்டம்ஸில் கிடந்த பம்ப் மறுநாள் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்கவில்லை. ஓடுகிற ஒன்றை ஏன் கழற்ற வேண்டும்.

ஏழாம் நாள் பூசை முடிந்து ஞானசிங் அபினாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினான். அவள் வந்து ஷெட்டைத் திறக்கச் சொன்னாள். பானட்டைத் தூக்கச் சொன்னாள். அவளுக்கு எது எந்தப் பம்ப் என்று தெரியாது, ஆனாலும் நேராக அதைத்தான் பார்த்தாள். தம்பியின் போட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவள், நான் அதை மாட்டிய அன்றைக்கு.

"அன்னைக்கு நீங்க ஒரு போன் போட்டிய. மீனக்கூட எறக்காம ஓடி வந்தான் அவன்" என்றாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது ஆட்டோவில்தான் போனாள்.

இனி அந்த போன்.

பானட்டைச் சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள். நௌஷாத்தின் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது.

"அத்தான், எங்க நிக்கிய?"

"வெளிய நிக்கேன். சொல்லு."

"வெள்ளம் கேறுது அத்தான். சுவிட்சு போட்டா லைட்டு எரியுது. பம்பு வெளிய தள்ளல்ல."

அந்த லைட் சுவிட்ச் போட்டதற்கு எரிவது. பம்ப் ஓடுவதற்கு எரிவது இல்லை. பம்ப் இருப்பதற்கும் எரிவது இல்லை. இது நிறையப் பேருக்குத் தெரியாது.

அந்த இடத்தில் நான் என்ன சொல்ல முடியும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பம்ப் இங்கே இருக்கிறது என்றால் எட்டுப் பேருக்கும் கேட்கும். குனிந்து பார்த்துக்கொண்டிருப்பது மீன் தண்ணீர் தள்ளுகிற பம்ப் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். தள்ளிப் போய்ப் பேசலாமே என்றீர்கள். தள்ளிப் போனால் சந்தேகப்படுவார்கள். அதனால் ஒரு மெக்கானிக் சொல்ல வேண்டியதை முறைப்படி சொன்னேன்.

"ஃபியூஸ் பாரு" என்றேன்.

பார்த்தான், மாற்றினான். நாலைந்து நிமிடம் ஆனது. தள்ளவில்லை.

"ஞானசிங் சொல்லுகான், பக்கத்துல ஒரு போட்டு நிக்கி, கையக் காட்டிக் கூப்பிடலாம்னு. கூப்பிடட்டா அத்தான்?"

"வேண்டாம். இப்பம் சரியாயிரும்" என்றேன்.

இதைத்தான் ஞானசிங் உங்களிடம் சொல்லியிருக்கிறான். ஆன்ஸ்லின் இரண்டு கையாலும் வேலை செய்வதற்காக போனை ஸ்பீக்கரில் போட்டு என்ஜின் பெட்டிமேல் வைத்திருந்தானாம், அதனால் ஞானசிங்குக்கும் கேட்டிருக்கிறது. சொன்னது உண்மை. அந்தப் போட்டுக்காரர்கள் வந்தால் முதல் காரியமாகப் பலகையைத் தூக்கிப் பார்ப்பார்கள். பச்சை டேப் ஊரில் என்னிடம் மட்டும்தான் உண்டு. ஞானசிங்குக்கும் கை இருந்தது, அவனே காட்டியிருக்கலாம். அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஆன்ஸ்லின் அவனைத் தடுத்தானாம். அதற்கு நான் பொறுப்பில்லை.

பிறகு, பம்ப்புக்குள் வலைநூல் சிக்கியிருக்கும், குழிக்குள் இறங்கிக் கையை விட்டுப் பார் என்றேன். முறைப்படி அடுத்து பார்க்க வேண்டியது அதுதான். இறங்கினான். தண்ணீர் சத்தம் எனக்குக் கேட்டது. என்ஜின் நின்ற சத்தமும் கேட்டது. நௌஷாத் என்னைப் பார்த்து, எத்தனை நேரம் என்று கையால் கேட்டான். ஒரு விரலைக் காட்டினேன்.

"அத்தான், கைக்கு ஒண்ணும் தட்டுப்படல்ல."

"நல்லா உள்ள விடு."

"நெஞ்சு மட்டும் வெள்ளத்துல நிக்கேன் அத்தான். இங்கன பம்பே இல்லியே."

"இருக்கும் மக்கா. நல்லா தேடிப் பாரு" என்றேன்.

நான் அவனைக் கைவிட்டுவிட்டதாக ஞானசிங்கின் வாக்குமூலத்தில் நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். அந்த வரியையும் திருத்திக்கொள்ளுங்கள். போன் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள், பதினான்கு நிமிடம். அவன் அக்காளோ பங்குத்தந்தையோ உங்கள் கடலோரக் காவல் படையோ அந்த நேரத்தில் அவனோடு இல்லை, நான் இருந்தேன். வெயிலில் நின்று, கை வலித்தும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. லைன் அவன் பக்கத்தில்தான் அறுந்தது, நான் வைக்கவில்லை.